எண்பூட்டுப் புதிர்: விடை பொருந்தினால் போதுமா?

பயணப் பெட்டிகளிலும் மிதிவண்டிச் சங்கிலிகளிலும் இருக்கும் எண்பூட்டை நம் மாணவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். மூன்று சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை இலக்கங்கள். மூன்றும் சரியான இலக்கத்தில் நின்றால்தான் பூட்டு திறக்கும். இந்தப் பூட்டை வைத்து உருவான புதிர்கள் இப்போது கைப்பேசிகளில் நிறையச் சுற்றுகின்றன. சில எண்களைக் கொடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "ஓர் இலக்கம் சரி, இடம் தவறு" என்பது போல ஒரு குறிப்பு எழுதியிருப்பார்கள். குறிப்புகளைக் கொண்டு ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பாடவேளை முடியப் பத்து நிமிடம் மீதமிருந்தால் போடும் கணக்கு என்றே நம்மில் பலர் இதைக் கருதுகிறோம். ஒரு முழுப் பாடவேளையை இதற்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. இதற்குச் சூத்திரம் வேண்டாம், வாய்பாடு வேண்டாம். வகுத்தலில் தடுமாறும் குழந்தையும் முதல் பெஞ்சு மாணவரோடு சமமாக உட்கார்ந்து யோசிக்கலாம். ஆறு முதல் எட்டு வரையிலான நம் கணிதப் பாடநூல்களில் 'தகவல் செயலாக்கம்' என்ற பகுதி இருப்பதால், இதற்குப் பாடத்திட்டத்திலும் இடம் உண்டு. ஆனால் முக்கியக் காரணம் வேறு. பயிற்சிக் கணக்குகள் பெரும்பாலும் "விடை என்ன?" என்று மட்டுமே கேட்கின்றன. "வேறு விடை இருக்க முடியாது என்று எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை மாணவர் தாமாகவே கேட்கும் இடம் இந்தப் புதிர்.

விதியைப் பேசித் தெளிவாக்குதல்

புதிரைக் கரும்பலகையில் எழுதும் முன் சொற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். எண் வேறு, இலக்கம் வேறு. 297 ஓர் எண். 2, 9, 7 அதன் இலக்கங்கள். பேச்சில் இரண்டையும் 'நம்பர்' என்றே சொல்லிவிடுகிறோம். புதிரில் அந்தக் குழப்பம் உடனே காலை வாரும்.

அடுத்து, "ஓர் இலக்கம் சரி" என்ற குறிப்பு. ஒன்று சரி என்றால் ஒன்று மட்டுமே சரி. மற்ற இரண்டும் அந்தப் பூட்டில் இல்லவே இல்லை. மாணவர்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள், இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள். 'குறைந்தது ஒன்று', 'ஒன்று மட்டும்' ஆகியவற்றுக்கு இடையிலான இந்த வேறுபாடு பின்னால் கணங்களிலும் நிகழ்தகவிலும் திரும்பத் திரும்ப வரப்போகிறது. அதை இங்கேயே பேசிவிடுவது நல்லது. "இடம் தவறு" என்பதிலும் இரண்டு செய்திகள் உள்ளன: அந்த இலக்கம் பூட்டில் உண்டு, ஆனால் இந்த இடத்தில் இல்லை. "இடம் தவறு" என்பதில் 'தவறு' என்ற சொல்லைப் பார்த்ததும் இலக்கத்தையே அடித்துவிடும் குழந்தைகள் உண்டு. அவர்களிடம் "உன் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் இன்று நீ வேறு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய்" என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

ஒரே இலக்கம் இருமுறை வரலாமா என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கைப்பேசியில் வரும் பல புதிர்களில் இது சொல்லப்படுவதில்லை. இக்கட்டுரையில் உள்ள புதிர்களில் எந்த இலக்கமும் இருமுறை வராது.

தொடக்க வகுப்புகளுக்கு

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் இரண்டு சக்கரப் பூட்டே போதும். இலக்கங்கள் 1 முதல் 5 வரை மட்டும். முதல் இடத்துக்கு 5 வாய்ப்புகள், இரண்டாம் இடத்துக்கு மீதி 4. ஆக மொத்தம் 20 எண்கள். இந்த 20 எண்களையும் குழந்தைகளையே சொல்லவைத்துக் கரும்பலகையில் எழுத வேண்டும். 12, 13, 14, 15, 21, 23 என்று வரிசையாகச் சொன்னால் ஒன்றும் விடுபடாது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதுவே ஒரு பாடம்.

இப்போது குறிப்புகள்:

4 5 – எந்த இலக்கமும் இல்லை
1 2 – ஓர் இலக்கம் சரி, இடம் தவறு
2 3 – ஓர் இலக்கம் சரி, இடம் தவறு

முதல் குறிப்பைப் படித்ததும் 4, 5 உள்ள எண்களை எல்லாம் அடித்துவிடலாம். மிஞ்சுவது 12, 13, 21, 23, 31, 32 ஆகிய ஆறு. இரண்டாம் குறிப்பின்படி 1, 2 ஆகியவற்றில் ஒன்றுதான் இருக்கலாம். எனவே 12, 21 போய்விடும். இடமும் தவறு என்பதால் 1 முதலில் நிற்கும் 13 போகும். 2 இரண்டாவதாக நிற்கும் 32 போகும். மிஞ்சியவை 23, 31. மூன்றாம் குறிப்பின்படி 23 விடையாக இருக்க முடியாது. இருந்தால் இரண்டு இலக்கமும் சரி என்று வந்திருக்கும். விடை 31.

20, பிறகு 6, பிறகு 2, பிறகு 1. கரும்பலகையில் எண்கள் ஒவ்வொன்றாக அடிபடுவதைப் பார்ப்பதில் குழந்தைகளுக்கு ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் அடிப்பவர் ஒவ்வொரு முறையும் "ஏன்" என்று உரக்கச் சொல்லிவிட்டே அடிக்க வேண்டும் என்ற விதியை வைத்துக்கொள்ளுங்கள். சாக்பீஸ் குழந்தையின் கையிலேயே இருக்கட்டும். "இதை ஏன் அடிச்சே?" என்று வகுப்பு கேட்கட்டும்.

நடுநிலை வகுப்புகளுக்கு ஒரு புதிர்

மூன்று சக்கரம், 0 முதல் 9 வரை. இலக்கம் மறுமுறை வராது.

முதல் குறிப்பு: 3 8 6 – எந்த இலக்கமும் சரியில்லை
இரண்டாம் குறிப்பு: 2 9 7 – ஓர் இலக்கம் சரி, இடமும் சரி
மூன்றாம் குறிப்பு: 5 0 4 – இரண்டு இலக்கங்கள் சரி, இரண்டுக்கும் இடம் தவறு
நான்காம் குறிப்பு: 9 4 1 – ஓர் இலக்கம் சரி, இடம் தவறு

மேலே படிப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து நீங்களும் முயன்று பாருங்கள். மாணவர் எங்கே தடுமாறுவார் என்பது அப்போதுதான் தெரியும்.

குழுவாகக் கொடுத்தால் ஏழெட்டு நிமிடத்தில் ஒரு குழு கையை உயர்த்தும். என் ஏழாம் வகுப்பில் நடந்த உரையாடல் ஏறக்குறைய இப்படி இருந்தது.

"மிஸ், 457!"

"நாலு குறிப்புக்கும் ஒத்துப்போகுதா? பார்த்தீங்களா?"

"பார்த்துட்டோம் மிஸ். 7 கடைசியில, இடம் சரி. 5-உம் 4-உம் இருக்கு, இடம் மாறியிருக்கு. 941-ல 4 மட்டும்தான் இருக்கு, அதுவும் இடம் தப்பு. எல்லாம் வருது."

"அப்ப பூட்டு திறந்துடும்?"

"திறந்துடும் மிஸ்."

ஜன்னல் ஓரக் குழுவிலிருந்து ஒரு குரல்: "இல்ல மிஸ், 095. எங்களுக்கும் எல்லாம் வருது."

முதலில் இரு குழுக்களும் மற்றவர் விடையில் பிழை தேடின. கிடைக்கவில்லை. 095-இல் 9 நடுவில், சரியான இடம். 5-உம் 0-உம் உண்டு, இரண்டும் 504-இல் இருந்த இடத்தில் இல்லை. 941-இல் 9 மட்டும் உண்டு, இடம் தவறு. எல்லாம் பொருந்துகின்றன. "0 முதல்ல வரக் கூடாது மிஸ், அது மூணு இலக்க எண்ணே இல்ல" என்று 457 குழு கடைசி ஆயுதத்தை எடுத்தது. நல்ல கேள்வி. எண்பூட்டில் இருப்பது அளவைக் குறிக்கும் எண் அன்று. மூன்று இலக்கங்களின் வரிசை. சென்னையின் தொலைபேசிக் குறியீடு 044, மதுரைக்கு 0452. அங்கே பொதுவாக 0-வையும் சேர்த்தே எழுதுகிறோம். இடமதிப்பு வேறு, இடம் வேறு என்பதைப் பேச இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

ஆக 457-உம் பொருந்துகிறது, 095-உம் பொருந்துகிறது. ஆனால் பூட்டு ஒன்றுதான். அது எந்த எண்ணுக்குத் திறக்கும்?

நான்கு குறிப்புகளோடு புதிரை நிறுத்தியது வேண்டுமென்றே. 457 குழு செய்த வேலையில் பிழை எதுவும் இல்லை. பொருந்தும் ஒரு விடையைக் கண்டார்கள், சரிபார்த்தார்கள். நம் தேர்வுகளில் அதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் 'இது பொருந்துகிறது' என்பதும் 'இது மட்டுமே பொருந்துகிறது' என்பதும் இரு வேறு கூற்றுகள். முதலாவதற்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும். இரண்டாவதற்கு மற்ற எல்லா வாய்ப்புகளையும் காரணத்தோடு மூட வேண்டும்.

மூடுவது எப்படி

இங்கேதான் பொறுமை வேண்டும். இரண்டாம் குறிப்பிலிருந்து தொடங்கலாம். 2, 9, 7 ஆகியவற்றில் ஒன்றே ஒன்று பூட்டில் உண்டு. அதுவும் அதே இடத்தில். எனவே மூன்று வழிகள்: 2 முதலில், அல்லது 9 நடுவில், அல்லது 7 கடைசியில். மூன்றாம் குறிப்பு மீதி இரண்டு இலக்கங்களைத் தந்துவிடுகிறது: 5, 0, 4 ஆகியவற்றில் இரண்டு. 5 முதலில் வராது. 0 நடுவில் வராது. 4 கடைசியில் வராது.

2 முதலில் என்றால் மிஞ்சுவது நடு இடமும் கடைசி இடமும். 0 நடுவில் வராததால் அது கடைசிக்குத்தான் போகும், 4 நடுவுக்குத்தான். 5 எங்கும் போகலாம். எனவே 250, 240, 245.

9 நடுவில் என்றால் 5 கடைசிக்கு, 4 முதலுக்கு. எனவே 095, 490, 495.

7 கடைசியில் என்றால் 5 நடுவுக்கு, 0 முதலுக்கு. எனவே 057, 047, 457.

ஒன்பது எண்கள். பத்தாவதாக ஒன்று கிடையாது. ஒவ்வொரு வழியிலும் எல்லா இணைகளையும் பார்த்துவிட்டோம். இனி நான்காம் குறிப்பை இந்த ஒன்பதின் மீது வைத்தால் போதும். 250, 057 இரண்டிலும் 9, 4, 1 எதுவும் இல்லை, போயின. 240, 245, 047 மூன்றிலும் 4 நடுவில், அதாவது 941-இல் உள்ள அதே இடத்தில் நிற்கிறது. இடம் தவறு என்ற குறிப்போடு ஒத்துப்போகாது. 490, 495 ஆகியவற்றில் 9-உம் 4-உம் சேர்ந்து இரண்டு சரி ஆகிவிடும். மிஞ்சியவை 095, 457.

இப்போதுதான் "இரண்டே இரண்டு விடைகள்" என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. முன்பு சொன்னது "இரண்டு கிடைத்தன" என்பது மட்டுமே.

குறிப்பேட்டில் இதைச் செய்யப் பத்து நிரல், மூன்று நிரை கொண்ட கட்டம் போட்டுக்கொள்ளலாம். நிரலுக்கு ஓர் இலக்கம், நிரைக்கு ஓர் இடம். வராத இடத்தில் பெருக்கல் குறி. அதன் பக்கத்தில் எந்தக் குறிப்பால் அடித்தோம் என்று குறிப்பின் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சிறு எண்தான் காரணம். விடைத்தாளைத் திருத்தும்போது நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான். விடை தவறாக இருந்தாலும், எந்தக் குறிப்பைப் படிப்பதில் பிசகியது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேவையில்லாத குறிப்பு ஒன்று

மேலே செய்த வேலையில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். முதல் குறிப்பை நாம் தொடவே இல்லை. "எந்த இலக்கமும் சரியில்லை" என்பதுதான் மாணவர்கள் முதலில் பாய்ந்து பிடிக்கும் குறிப்பு. மூன்று இலக்கங்களை ஒரே அடியில் நீக்கிவிடுகிறதே! தனியாகப் பார்த்தால் அது வலுவான குறிப்புதான். மறுமுறை வராத மூன்று இலக்க வரிசைகள் மொத்தம் 10×9×8 = 720. 3, 8, 6 போனால் 7×6×5 = 210. ஆனால் இந்தப் புதிரில் இரண்டாம் குறிப்பு ஓர் இலக்கத்தையும் மூன்றாம் குறிப்பு இரண்டு இலக்கங்களையும் கணக்கில் வைத்துவிட்டன. பூட்டில் இருப்பதே மூன்று இலக்கங்கள். அப்படியானால் 3, 8, 6 மட்டுமல்ல, 1-ம் வெளியே என்பது சொல்லாமலே தெரிகிறது.

முதல் குறிப்போடு செய்தால் வாய்ப்புகள் 720, 210, 36, 9, 2 என்று குறைகின்றன. அது இல்லாமல் செய்தால் 720, 126, 9, 2. இந்த 36-உம் 126-உம் எங்கிருந்து வந்தன என்பதைப் பெருக்கல் கொள்கை படித்த எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்கலாம். 126 எப்படி என்றால், சரியான இடத்தில் நிற்கும் இலக்கத்துக்கு 3 வழிகள். மற்ற இரு இடங்களுக்கு 2, 9, 7 தவிர்த்த ஏழு இலக்கங்களிலிருந்து 7×6 வழிகள். 36-ஐ உங்கள் மாணவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

"எந்தக் குறிப்பை எடுத்துவிட்டாலும் விடை மாறாது?" என்ற கேள்வி, விடையைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமானது. சுவையானதும் அதுதான். வகுப்பில் வேகமாக முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் நான்கு பேருக்குக் கொடுக்க இது கைவசம் இருக்கட்டும்.

ஐந்தாம் குறிப்பை மாணவர் எழுதட்டும்

095-ஆ 457-ஆ என்று தீர்க்க இன்னொரு குறிப்பு வேண்டும். அதை ஆசிரியர் தராமல், குழுக்களையே கேட்கச் சொல்லலாம். "நீங்கள் ஒரே ஓர் எண்ணைச் சொல்லுங்கள். அதற்கு எத்தனை இலக்கம் சரி, எத்தனை இடம் சரி என்று நான் சொல்வேன். அத்தோடு பூட்டு திறக்க வேண்டும்."

என் வகுப்பில் ஒரு குழு 701 என்று கேட்டது. 7-உம் 0-உம் ஒவ்வொரு விடையிலும் ஒன்றாக இருக்கின்றன, பிரித்துவிடும் என்பது அவர்கள் நினைப்பு. பூட்டு 457 ஆனால் 7 சரி, இடம் தவறு. பூட்டு 095 ஆனால் 0 சரி, இடம் தவறு. இரண்டுக்கும் ஒரே பதில். கேள்வி வீண். 491 என்று கேட்டாலும் இதே கதைதான்: ஒரு பக்கம் 4 சரியான இடத்தில், மறுபக்கம் 9 சரியான இடத்தில்; பதில் ஒன்றே.

013 என்று கேட்டவர்கள் வென்றார்கள். 095 என்றால் ஓர் இலக்கம் சரி, இடமும் சரி. 457 என்றால் எதுவும் இல்லை. அதைவிட என்னை மகிழ்வித்தது இன்னொரு குழுவின் 153. இரு விடைகளிலும் இருக்கும் 5-ஐ வைத்தே பிரித்துவிட்டார்கள். ஓரிடத்தில் அது நடுவில், மற்றதில் கடைசியில். பொதுவாக உள்ளதை வைத்து வேறுபாட்டைக் காண முடியும் என்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நல்ல கேள்வி என்றால் என்ன என்பதற்கு இங்கே துல்லியமான பொருள் கிடைத்துவிடுகிறது: மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு வாய்ப்புக்கும் வெவ்வேறு பதில் வரும்படியான கேள்வி.

இந்த எண்ணம் நம் வகுப்பறையோடு நின்றதல்ல. இஸ்ரேலைச் சேர்ந்த மொர்தெகாய் மெய்ரோவிட்ஸ் உருவாக்கி, 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் இன்விக்டா நிறுவனம் வெளியிட்ட 'மாஸ்டர்மைண்ட்' என்ற விளையாட்டு இதே வகைதான். இலக்கங்களுக்குப் பதில் ஆறு நிறங்கள், நான்கு குழிகள்; நிறம் மறுமுறை வரலாம் என்பதால் 6×6×6×6 = 1296 வாய்ப்புகள். அதற்கு முன்பே 'காளைகளும் பசுக்களும்' என்ற பெயரில் இதைத் தாளும் பென்சிலும் கொண்டு எண்களால் ஆடிவந்தார்கள். கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத், மாஸ்டர்மைண்டில் எந்த ரகசியத்தையும் ஐந்தே முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 1977-இல் காட்டினார். அவருடைய வழியின் அடிப்படை எளிமையானது. ஒவ்வொரு முறையும், மிக மோசமான பதில் வந்தாலும் மிஞ்சும் வாய்ப்புகள் இயன்ற அளவு குறைவாக இருக்கும்படியான கேள்வியைக் கேட்பது. 701-ஐ விட்டு 013-ஐத் தேர்ந்த குழு செய்ததும் அதுவே.

இருவர் இருவராக இந்த ஆட்டத்தை ஆடவிடலாம். ஒருவர் ரகசிய எண்ணைத் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்வார். மற்றவர் எண்களைச் சொல்லச் சொல்ல, இவர் பதில் தருவார். பதில் தருபவருக்கும் கவனம் வேண்டும். ஒரு பதில் பிசகினால், சில சுற்றுகள் கழித்து எந்த எண்ணும் மிஞ்சாமல் போய்விடும். "மிஸ், ஒண்ணுமே வரல!" என்று குழந்தை வந்து நின்றால் கவலைப்பட வேண்டாம். எதுவும் மிஞ்சவில்லை என்றால் கொடுத்த கூற்றுகளில் ஏதோ ஒன்று பொய் என்று பொருள். √2 விகிதமுறா எண் என்று முரண்பாட்டின் மூலம் நிறுவும்போது உயர்நிலை வகுப்பில் நாம் சொல்வதும் இதைத்தான். ஏழாம் வகுப்பில் அதைக் கையால் தொட்டுப் பார்த்த மாணவருக்கு அந்த நிரூபணம் அந்நியமாக இருக்காது.

உயர்நிலைப் பாடத்தோடு இணைக்கும் இடங்கள்

x² = 49 எனில் x என்ன? பலர் 7 என்று எழுதி நிறுத்துவார்கள். 7 பொருந்துகிறது, சரிபார்த்தாயிற்று. −7 என்ற இன்னொரு விடை ஓரத்தில் நிற்கிறது. 457 கிடைத்ததும் கையை உயர்த்திய அதே அவசரம்தான் இது. புதிர் ஆடிய வகுப்பில் "095 இருக்கா பார்த்தியா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், சிரித்துக்கொண்டே −7-ஐச் சேர்த்துவிடுகிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் இரு மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடுகள் வரும்போது, x + y = 10 என்ற ஒன்றுக்குப் பல விடைகள் உண்டு; இரண்டாவது சமன்பாடு வந்தால்தான் ஒரு புள்ளியில் நிற்கும். அந்த இரண்டாவது 2x + 2y = 20 ஆக இருந்தால் புதிதாக எதுவும் சொல்லவில்லை. நம் புதிரில் 386 செய்த வேலையை அது செய்கிறது. x + y = 12 ஆக இருந்தால் எதுவும் மிஞ்சாது; அது பிசகிய பதில். தீர்வு ஒன்று, எண்ணற்றவை, இல்லை என்ற மூன்று நிலைகளையும் மாணவர் மனப்பாடம் செய்வதற்கு முன்பே ஆடிப் பார்த்திருக்கிறார்.

வடிவியலில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். இருசமபக்க முக்கோணங்கள் மூன்றை வரைந்து, கோணமானியால் அளந்து, அடிக்கோணங்கள் சமம் என்று கண்டதும் "நிரூபிச்சாச்சு" என்பார்கள். மூன்றுக்குப் பொருந்தியது, வரையாத முக்கோணங்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு சொல். இத்தேர்வில் தேர்ச்சி பெறுபவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. நம் மாணவர்களின் குடும்பங்களுக்கு அது சிறிய தொகை அல்ல. அதன் மனத்திறன் பகுதியில் 90 வினாக்கள், 90 நிமிடங்கள். வினாவுக்கு ஒரு நிமிடம். அங்கே நான்கு தெரிவுகளில் ஒன்றுதான் விடை என்ற உறுதியை வினாத்தாளே தந்துவிடுகிறது. எனவே தெரிவுகளை ஒவ்வொன்றாகக் குறிப்புகளில் வைத்துப் பார்த்து, பொருந்தாததை நீக்கி, பொருந்தியதைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடலாம். அது முறையான வழிதான்; தேர்வுக்கு அதையே பழக்க வேண்டும். ஆனால் தெரிவுகள் கொடுத்து மட்டுமே புதிர்களைப் பழக்கினால், தெரிவுகள் இல்லாத கேள்வியின் முன் மாணவர் நின்றுவிடுகிறார். முதலில் தெரிவுகள் இல்லாமல் பழக்கிவிட்டுத் தேர்வு நெருங்கும்போது தெரிவுகளோடு பழக்குவது என் வழக்கம்.

புதிரை நாமே உருவாக்கலாம்

கைப்பேசியில் வருவதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். சிலவற்றில் விடை ஒன்றுக்கு மேல் இருக்கும். சிலவற்றில் விதியே தெளிவாக இருக்காது. மாணவர்கள் பலரும் முன்பே விடையைப் பார்த்திருப்பார்கள். உருவாக்குவது கடினமில்லை. முதலில் ரகசிய எண்ணை முடிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு மனம்போன போக்கில் ஓர் எண்ணை எழுதி, அதற்குரிய பதிலைப் பக்கத்தில் எழுத வேண்டும். நான்கைந்து எழுதியதும் ரகசிய எண்ணை மறந்துவிட்டு, புதிதாகப் பார்ப்பவர் போலத் தீர்க்க வேண்டும். இரண்டு விடைகள் மிஞ்சினால் இன்னொரு குறிப்பு சேர்க்கலாம், அல்லது நான் செய்ததைப் போல அப்படியே விட்டு, அதையே பாடமாக்கலாம். இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்து ஒருமுறை தீர்க்கச் சொல்வது நல்லது. உணவு இடைவேளைக்கு இது ஏற்ற வேலை.

உண்மையான எண்பூட்டு ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. அதை மேசைமேல் வைத்து, "குறிப்பே இல்லாமல் ஒவ்வொன்றாக முயன்றால் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். 000 முதல் 999 வரை 1000 எண்கள். ஒன்றுக்கு 3 வினாடி என்றால் 3000 வினாடி, அதாவது 50 நிமிடம். ஒரு பாடவேளையில் ஏறக்குறைய முடிந்துவிடும்! நான்கு சக்கரம் என்றால் 8 மணி 20 நிமிடம். ஒரே ஒரு சக்கரம் கூடியதற்கு இவ்வளவா என்ற வியப்பு, பத்தின் அடுக்குகளைப் பற்றி நாம் சொல்லும் எதையும்விட ஆழமாகப் பதிகிறது.

ஆசிரியர் அறைக்கு ஒரு புதிரைத் தந்து முடிக்கிறேன். மூன்று சக்கரம், இலக்கம் மறுமுறை வராது.

1 2 3 – ஓர் இலக்கம் சரி, இடம் தவறு
4 5 6 – ஓர் இலக்கம் சரி, இடம் தவறு
6 1 2 – இரண்டு இலக்கங்கள் சரி, இரண்டுக்கும் இடம் சரி
7 8 9 – ஓர் இலக்கம் சரி, இடம் தவறு
1 8 0 – இரண்டு இலக்கங்கள் சரி, இரண்டுக்கும் இடம் தவறு

விடை ஒன்றே ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றைச் சென்றடைய ஐந்து குறிப்புகளும் தேவையில்லை, மூன்றே போதும். எந்த மூன்று என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில் உண்டு. ஐந்தாவது குறிப்பை எடுத்துவிட்டால் எத்தனை எண்கள் மிஞ்சுகின்றன என்பதையும் பாருங்கள்.